மலையில்லா ஊரில் ஒரு மலை மிதிவண்டி

மலை மிதிவண்டி ஒன்றை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தபோது என் மனைவி கேட்ட முதல் கேள்வி, “தஞ்சாவூரில் மலை எங்கே இருக்கிறது?” என்பதுதான். நியாயமான கேள்வி. கல்லணையிலிருந்து பூம்புகார் வரை ஏற்றம் என்று சொல்லத்தக்கவை ரயில்வே மேம்பாலங்கள் மட்டுமே. அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. சில ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைகளில் காவிரியின் கிளையாற்றுக் கரைகளில் ஓட்டிய பிறகு இப்போது தெரிகிறது. இந்த வண்டிக்கு வேண்டியது மலை அல்ல. தார் போடாத பாதை. அத்தகைய பாதை காவிரிப் படுகையில் ஒவ்வோர் ஆற்றுக்கும் இரண்டு கரைகளிலும் இருக்கிறது. இருந்தது என்று எழுத வேண்டிய நிலை வந்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

மலை மிதிவண்டியின் பிறப்பிடமும் ஒருவகையில் பராமரிப்புச் சாலைதான். 1970-களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், மரின் கவுன்டியைச் சேர்ந்த இளைஞர்கள் சிலர், தடித்த டயர் கொண்ட பழைய மிதிவண்டிகளை எடுத்துக்கொண்டு டமல்பாயஸ் மலைப் பகுதியின் மண் சாலைகளில் இறங்கினார்கள். அந்தச் சாலைகள் பொழுதுபோக்குக்காகப் போடப்பட்டவை அல்ல; காட்டுத்தீயை அணைக்கச் செல்லும் வண்டிகளுக்காக வெட்டப்பட்டவை. 1981-இல் இத்தகைய வண்டி பெருமளவில் தொழிற்சாலையில் தயாராகி விற்பனைக்கு வந்தது. அதன் பிறகுதான் அது உலகெங்கும் பரவியது.

சாலைப் பந்தய வண்டிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு முதன்மையாக டயரில் இருக்கிறது. பந்தய வண்டியின் டயர் 25 முதல் 28 மில்லிமீட்டர் அகலம். மலை மிதிவண்டியின் டயர் இரண்டு அங்குலத்துக்கும் கூடுதல். பந்தய டயரில் அடைக்கும் காற்றழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு இதற்குப் போதும். அழுத்தம் குறைவு என்பதால் டயர் தரையில் பரந்து படிகிறது. மணலில் புதைவதில்லை, கல்லில் துள்ளுவதில்லை. முன்சக்கரத்தைத் தாங்கும் கவையில் அதிர்வுதாங்கி இருக்கிறது. வேகம் குறைவு. மண் கரையில் மணிக்கு 12 கிலோமீட்டர் போனாலே நல்ல வேகம். ஓர் ஆற்றைப் புரிந்துகொள்ள அதற்கு மேற்பட்ட வேகம் உதவாது என்பது என் அனுபவம்.

மேலே ஓடும் ஆறு

கரையில் ஓட்டத் தொடங்கியவுடன் கண்ணில் படுவது ஓர் எளிய உண்மை: ஆறு மேலே இருக்கிறது, வயல் கீழே இருக்கிறது. பள்ளத்தாக்கில் ஓடும் ஆறு தாழ்ந்த இடம் தேடி ஓடும். இரு மருங்கும் நிலம் உயரும். கழிமுகச் சமவெளியில் இது தலைகீழ். ஆண்டுதோறும் வெள்ளம் கொண்டுவரும் வண்டல் கரையோரத்தில் படிந்து படிந்து, ஆறு தானே எழுப்பிய மேட்டின் மீது ஓடுகிறது. அதனால்தான் ஒரு மதகைத் திறந்தால் போதும், இயந்திரம் எதுவும் இல்லாமல் தண்ணீர் வாய்க்காலில் இறங்கி வயலுக்குப் போய்விடுகிறது. அதனால்தான் கரை உடைந்தால் ஊர் மூழ்குகிறது. நன்மையும் ஆபத்தும் ஒரே உயரத்தில் இருந்து வருகின்றன. பேருந்து சன்னலில் இருந்து நாற்பது ஆண்டுகள் பார்த்தும் எனக்குப் புலப்படாத இந்தச் செய்தி, மிதிவண்டியில் முதல் நாளிலேயே புலப்பட்டது.

இரண்டாவது உண்மை இன்னும் வியப்பானது. மற்ற ஆறுகள் கடலை நெருங்க நெருங்க அகலும். காவிரியோ குறுகும். குளித்தலைப் பக்கம் அகண்ட காவிரி என்று பெயர் பெற்ற ஆறு, முக்கொம்பில் கொள்ளிடத்தைப் பிரித்துவிடுகிறது. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நீர் பங்கிடப்படுகிறது. திருக்காட்டுப்பள்ளியில் குடமுருட்டி பிரிகிறது. அதற்கப்பால் அரசலாறு, வீரசோழன் என்று பிள்ளைகளுக்குப் பாகம் பிரித்துக் கொடுத்துக்கொண்டே போகிறது. பூம்புகாருக்குச் சற்று முன், மேலையூர்க் கடையணையில் நின்று பார்த்தால், எஞ்சியிருப்பது ஒரு பெரிய வாய்க்கால் அளவுதான். மனிதரின் உழவுக்காகத் தன்னைக் கொடுத்துத் தீர்ந்த ஆறு அது. வரைபடத்தில் இதைப் பார்ப்பது வேறு. மூன்று நாள் மிதித்து, பாலத்துக்குப் பாலம் ஆறு சிறுத்துவருவதைப் பார்ப்பது வேறு.

மூன்று வழிகள்

படுகையில் எண்ணற்ற தடங்கள் இருந்தாலும், புதிதாக வருபவர்களுக்கு நான் மூன்றைச் சொல்வேன்.

முதலாவது, காவிரிக் கரை. கல்லணையில் தொடங்கி, திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு, கும்பகோணம், மயிலாடுதுறை வழியாகப் பூம்புகார். பல இடங்களில் ஒரு கரையில் தார்ச்சாலை இருக்கும். எதிர்க்கரையில் மண் தடம் இருக்கும். எதிர்க்கரையைத் தேர்ந்தெடுங்கள். புங்கமரங்களும் மூங்கில் புதர்களும் வாழைக் கொல்லைகளும் நிழல் தரும். திருவையாற்றில் தியாகராசர் சமாதி ஆற்றங்கரையிலேயே இருக்கிறது. படித்துறையில் அமர்ந்து இளைப்பாறலாம். இடையிடையே வாய்க்கால் தலைப்பு வரும். தடம் அங்கே உடைந்துபோனால் இறங்கி வண்டியைத் தோளில் தூக்கிக் கடக்க வேண்டும். இந்த வழி முதல்முறை வருபவருக்கும் கடினமாக இராது.

இரண்டாவது, வெண்ணாற்றுக் கரை. கல்லணையில் பிரியும் வெண்ணாறு, தஞ்சைக்கு அருகே தென்பெரம்பூரில் வெட்டாற்றைப் பிரிக்கிறது. நீடாமங்கலம் அருகே மூணாறு தலைப்பில், வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரிவதை ஒரே இடத்தில் நின்று பார்க்கலாம். ஒரு பாசன முறையை மாணவர்களுக்குக் கற்பிக்க இதைவிடச் சிறந்த வகுப்பறை இல்லை. கோரையாற்றைப் பின்தொடர்ந்தால் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் போய் முடியும். நெல் வயலில் தொடங்கிச் சதுப்புநிலத்தில் முடியும் இந்தப் பயணத்தில், நிலம் மெல்ல மெல்ல உவர்ப்பாவதைச் செடிகொடிகளே சொல்லிவிடும்.

மூன்றாவது, கொள்ளிடக் கரை. முக்கொம்பிலிருந்து ஆனைக்கரை வரை. இங்கே ஆறு அகன்று கிடக்கும்; மணல் மிகுதி; நிழல் குறைவு. காவிரியின் நீர் தாழ்வான கொள்ளிடத்துக்கே ஓடிவிடுகிறது, தஞ்சைக்கு வருவதில்லை என்ற நெருக்கடியில் 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டத் தொடங்கியது முக்கொம்பு மேலணை. அதே காலத்தில் எழுந்தது ஆனைக்கரையில் உள்ள கீழணை. மேலணையின் கொள்ளிடப் பகுதியில் 2018 ஆகஸ்ட் 22 அன்று ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கீழணையிலிருந்து வடவாற்றுக் கரையைப் பிடித்தால் வீராணம் ஏரிக்குப் போகலாம். ஆனைக்கரைப் பகுதியில் முதலைகள் உண்டு. வெயிலுக்கு ஆற்றில் இறங்கும் ஆசையை அங்கே அடக்கிக்கொள்வது நல்லது.

காற்று, முள், காலம்

மலையில் ஏற்றம் செய்வதைச் சமவெளியில் காற்று செய்கிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழியின் பொருள் கிழக்கிலிருந்து மேற்கே மிதிப்பவனுக்கு நன்றாக விளங்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் மேல்காற்று ஆனி, ஆடி மாதங்களில் முகத்தில் அறையும். அந்நாளில் கல்லணையிலிருந்து கடல் நோக்கிப் போவதே அறிவு. கோடையில் நிலைமை மாறும். பிற்பகலில் கடற்காற்று உள்ளே புகுந்துவிடும். ஆகவே கிழக்கே போக நினைப்பவர் விடியலில் புறப்பட்டு, பத்து மணிக்குள் முடித்துவிட வேண்டும்.

அடுத்த எதிரி சீமைக் கருவேல முள். அது எந்த டயரையும் துளைக்கும். டியூப் இல்லாத டயரில் ஓட்டையைத் தானே அடைக்கும் திரவத்தை ஊற்றிக்கொள்வது ஒரு வழி. இல்லையெனில் இரண்டு மாற்று டியூபும் ஒரு பம்பும் கட்டாயம். கரையில் பஞ்சர் கடை கிடையாது.

காலத்தை மேட்டூர் தீர்மானிக்கிறது. 1934-இல் திறக்கப்பட்ட அந்த அணையிலிருந்து, மரபுப்படி ஜூன் 12 அன்று பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கப்பட்டு, ஜனவரி 28 அன்று நிறுத்தப்படுகிறது. நீர் இருப்பைப் பொறுத்து நாள் மாறும்; 2022-இல் மே 24 அன்றே திறந்தார்கள். தண்ணீர் வந்து, வடகிழக்குப் பருவமழை தொடங்காத இடைக்காலம்தான் கரைகளின் பொற்காலம். ஒருபுறம் நிறைந்த ஆறு, மறுபுறம் குறுவைப் பயிர், நடுவே உலர்ந்த தடம். சம்பா அறுவடைக்குப் பிந்தைய மாசி, பங்குனியும் நன்று. அப்போது அறுத்த வயலில் ஆட்டுக்கிடையும், வாத்து மேய்ப்பவர்களின் கூட்டமும் காணலாம். ஐப்பசி, கார்த்திகையில் கரைப்பக்கம் போகவே கூடாது. இந்தப் பாடத்தை நான் புத்தகத்தில் படிக்கவில்லை; திட்டு வாங்கிக் கற்றேன்.

கரை வேறு, சாலை வேறு

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நவம்பர் காலை. இரவெல்லாம் மழை பெய்து விட்டிருந்தது. நண்பர்கள் நால்வர் குடமுருட்டிக் கரையில் போய்க்கொண்டிருந்தோம். சேறு டயரில் அப்பியது, வண்டி வழுக்கியது, எங்களுக்கு அது விளையாட்டாக இருந்தது. எதிரே தலையில் சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு, மண்வெட்டி கட்டிய பழைய சைக்கிளைத் தள்ளியபடி ஒரு பெரியவர் வந்தார். ஆற்றுக்கரையையும் மதகையும் பார்த்துக்கொள்ளும் லஸ்கர் அவர்.

“தம்பி, இது ரோடு இல்ல, கரை. நீங்க போட்டுட்டு வர்ற கோடு ஒவ்வொண்ணும் தண்ணிக்கு வழி காட்டி விட்ட மாதிரி. நான் ஏன் வண்டிய ஓட்டாம தள்ளிட்டு வர்றேன்னு யோசிச்சீங்களா?”

“தெரியாம வந்துட்டோம் ஐயா” என்றேன்.

“தெரிஞ்சுக்கிட்டீங்கல்ல, எறங்கித் தள்ளிட்டுப் போங்க” என்றார். கோபம்கூட இல்லை, வேலை பார்க்கும் குரல்.

இரண்டு வாரம் கழித்து மழை விட்டபின் போய்ப் பார்த்தேன். எங்கள் தடங்கள் ஒரு வளைவில் வயல் பக்கமாகச் சரிந்திருந்த இடத்தில், கரையின் சரிவு ஒரு சாண் ஆழத்துக்கு அரித்திருந்தது. யாரோ வைக்கோலும் மண்ணும் போட்டு அடைத்திருந்தார்கள். யார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

இதில் உள்ள அறிவியல் எளிது. நல்ல கரையின் முதுகு சற்றுக் குவிந்திருக்கும். மழைநீர் மெல்லிய படலமாக இருபுறமும் வழிந்துவிடும். புல் அதைத் தாங்கிக்கொள்ளும். கரையின் நீளவாக்கில் ஒரு பள்ளம் விழுந்துவிட்டால், நீர் அதில் சேர்ந்து ஓடி, தாழ்வான ஓரிடத்தில் மொத்தமாக இறங்கும். அங்கே அரிப்பு தொடங்கும். ஏற்கெனவே எலி வளையும் நண்டு வளையும் இருக்கும் கரையில் அந்த அரிப்பு எங்கே போய் முடியும் என்று சொல்ல முடியாது. மிதிவண்டி போட்ட கோட்டுக்கே இந்த விளைவு என்றால், ஈரக் கரையில் டிராக்டரும் லாரியும் போனால் என்ன ஆகும் என்பதை வாசகர்கள் ஊகிக்கலாம்.

அன்றிலிருந்து எங்கள் குழுவில் ஒரு விதி: கரையில் கால் வைத்தால் தடம் பதிகிறதா என்று பார்ப்போம்; பதிந்தால் திரும்பிவிடுவோம்.

இரண்டு வகையில் அழியும் பாதை

ஓட்டிய இத்தனை ஆண்டுகளில் கரைத் தடங்கள் இரண்டு வகையில் மறைவதைக் கண்டிருக்கிறேன். ஒன்று, தார் போடப்பட்டு மறைகின்றன. ஊருக்குச் சாலை வேண்டும் என்பதில் தவறில்லை. மருத்துவ வண்டி வர வேண்டும், நெல் மூட்டை போக வேண்டும். ஆனால் ஒரு கரையில் ஏற்கெனவே சாலை இருக்க, மறுகரைக்கும் தார் வரும்போது, அதன் பின்னாலேயே வேகமும் கடைகளும் குப்பையும் ஆக்கிரமிப்பும் வருகின்றன. கனரக வண்டிகளைத் தாங்குவதற்காக எழுந்தவை அல்ல இந்த மண் கரைகள். மற்றொன்று, கைவிடப்பட்டு மறைகின்றன. நடப்பவர்கள் இல்லாத தடத்தைச் சீமைக் கருவேலம் இரண்டே மழையில் மூடிவிடுகிறது. மூடிய கரையில் விரிசல் விழுந்தால் பார்க்க ஆளில்லை. ஆளற்ற கரை, காவலற்ற கரை.

இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு நிலை உண்டு. மண்ணாகவே இருக்கும், ஆனால் மனிதர் நடமாடும் பாதை. ஐரோப்பாவில் டான்யூப் நதிக்கரையில், ஜெர்மனியின் பாஸாவிலிருந்து ஆஸ்திரியாவின் வியன்னா வரை 300 கிலோமீட்டருக்கும் மேல் செல்லும் புகழ்பெற்ற மிதிவண்டித் தடத்தின் பல பகுதிகள், ஒருகாலத்தில் படகுகளைக் குதிரைகள் கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்துச் சென்ற வேலைப் பாதைகள். படகிழுக்கும் வேலை முடிந்த பிறகும் பாதையை அவர்கள் விடவில்லை; அதற்கு வேறொரு பயனைக் கொடுத்துக் காப்பாற்றினார்கள். நம் கரைகளில் வேலை இன்னும் முடியவே இல்லை. ஆகவே காப்பாற்றுவது நமக்கு இன்னும் எளிதாக இருக்க வேண்டும்.

ஒரு மறுப்பை நானே எழுப்பிக்கொள்கிறேன். விலையுயர்ந்த வண்டி வைத்திருக்கும் சிலருடைய ஞாயிற்றுக்கிழமை இன்பத்துக்காக அரசு ஏன் மெனக்கெட வேண்டும்? மெனக்கெட வேண்டியதில்லை, அது எங்களுக்காக மட்டும் என்றால். ஆனால் நான் விடிகாலையில் கரையில் எதிர்கொள்பவர்கள் எல்லாரும் எனக்கு முன்பிருந்தே அங்கே போகிறவர்கள்: பால் கேன் கட்டிய சைக்கிள்காரர், நடவுக்குப் போகும் பெண்கள், அரசு தந்த விலையில்லா மிதிவண்டியில் பள்ளிக்குப் போகும் மாணவிகள். நெடுஞ்சாலையைச் சுற்றிப் போனால் அவர்களுக்குத் தொலைவும் கூடுதல், லாரி பயமும் கூடுதல். 1990-களின் தொடக்கத்தில் பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையில், அறிவொளி இயக்கத்தின் ஊக்கத்தால் பல்லாயிரம் கிராமப் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றார்கள். அந்த மிதிவண்டி அவர்களுக்கு யாரையும் எதிர்பாராமல் வெளியே போய்வரும் உரிமையைக் கொடுத்தது. அந்த உரிமைக்கு ஒரு பாதையும் வேண்டும். முள் அகற்றிய, லாரி வராத கரை அவர்களுக்கே முதல் பயன்; எங்களுக்கு மிச்சம்.

செய்ய வேண்டியவை செலவு மிகுந்தவை அல்ல. ஒரு கரையில் சாலை உள்ள ஆறுகளில், மறுகரையை மண் தடமாகவே வைத்திருப்பது என நீர்வளத் துறை முடிவெடுக்கலாம். தடத்தின் நுழைவில், மிதிவண்டியும் ஆளும் ஆடுமாடும் புகுந்து, லாரி புகாத இடைவெளியில் கற்கள் நடலாம். வெள்ளக் காலத்தில் துறை வண்டிகள் நுழைய, பூட்டுடன் கூடிய தடுப்பு ஒன்று போதும். ஒவ்வொரு தலைப்பிலும் ஆற்றின் பெயர், மதகு கட்டிய ஆண்டு, பாயும் ஊர்கள் ஆகியவற்றைத் தமிழில் எழுதிய பலகை வைக்கலாம். மழைக் காலத்தில் தடம் மூடல் என்ற அறிவிப்பும் அதே பலகையில் இருக்கட்டும். குடிமராமத்து என்ற பழைய முறையைப் புதுப்பிப்பதாக 2017-இல் அரசு அறிவித்துப் பணிகள் நடந்தன. ஆண்டுக்கொருமுறை கருவேலம் வெட்டும் வேலையை அந்த மரபில் ஊராரும் மிதிவண்டிக் குழுக்களும் சேர்ந்து செய்யலாம். கசிவோ அரிப்போ கண்டால் படம் எடுத்து அனுப்ப ஒரு கைப்பேசி எண்ணைப் பலகையில் எழுதிவைத்தால், ஓட்டுபவர் ஒவ்வொருவரும் ஊதியமில்லாத கரைக்காவலர் ஆவார்.

கடந்த மாசியில் அதே குடமுருட்டிக் கரையில் அந்த லஸ்கரை மீண்டும் பார்த்தேன். ஓய்வு பெற்றுவிட்டார், பழக்கம் விடாமல் மாலையில் கரையில் நடந்து வருகிறார். தரை காய்ந்து இறுகியிருந்தது. வண்டியை விட்டு இறங்கப் போன என்னைத் தடுத்து, “இப்ப ஓட்டலாம் தம்பி, போங்க. அந்த ஆலமரத்துக்கு அந்தாண்ட கரை கொஞ்சம் உள்வாங்கியிருக்கு. பாத்துட்டு வந்து சொல்லுங்க. என்னால அவ்வளவு தூரம் நடக்க முடியல” என்றார்.

பார்த்துவிட்டு வந்து சொன்னேன். மறுநாள் அவர் அலுவலகத்துக்குத் தகவல் கொடுத்ததாகப் பிறகு அறிந்தேன். மலையில்லாத ஊரில் இந்த வண்டிக்கு இப்படி ஒரு வேலை இருக்கிறது என்று வீட்டிலும் சொல்லியிருக்கிறேன்.